பனி குடித்த கிட்டார்

எங்கள் எஸ்டேட் லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர்தான். அங்கே தாளித்தால் இங்கே தும்மல் வரும். ஆகவே இந்த அழகுத்தாய் ஒட்டுக்கேட்கிறாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காது இருக்கிறது, கேட்கிறது, அவ்வளவுதான்.

என் சுவருக்கு அந்தப் பக்கம் செல்வலட்சுமி. தேவிகுளம் ரோட்டில் ஜிதினுடைய ஹோம்ஸ்டேயில் அறை கூட்டி, விரிப்பு அலசுகிற வேலை. அங்கே அலமாரிக்குப் பின்னால் யாருக்கும் வேண்டாமல் கிடந்த பழைய கிட்டாரை ஜிதின் அவளுக்கே கொடுத்துவிட்டான். போனைப் பார்த்துப் பார்த்துப் பழகினாள். சாயங்காலம் லயத்துக்குள் மூடுபனி இறங்கும்போது அந்தச் சத்தமும் கூடவே இறங்கும். எது பனி, எது பாட்டு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சில நாள் என் அடுப்பில் சோறு குழைந்துபோகும். பழியை ரேஷன் அரிசி மேல் போட்டுவிடுவேன்.

இந்த மழையில் பாட்டு நின்றுபோனது. சும்மா இருப்பேனா, சீனி கேட்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். ஈரத்தில் கிட்டாரின் வயிறு உப்பியிருந்தது. தந்திகளெல்லாம் கழுத்துப் பலகையை விட்டுத் தூக்கி நின்றன. அழுத்தி அழுத்தி அவள் விரல் நுனியெல்லாம் வெட்டுக்கோடு.

"சனிக்கிழமை விருந்தாளிங்க முன்னால வாசிக்கணும் மைனி. நல்லா வந்தா சாயங்காலப் பாட்டு வேலை எனக்கே, விரிப்பு அலச வேற ஆளப் பாத்துக்கலாம்னு ஜிதின் சேட்டன் சொல்லியிருக்காரு. இந்த விரல வச்சு எப்படி வாசிக்க?"

"நான் இருக்கேன்ல," என்றான் அவள் புருஷன் பாண்டீஸ்வரன். எனக்கு அப்போதே பயம் வந்தது.

அவனுக்குத் தேயிலை பாக்டரியில், கொழுந்தை வாட்டுகிற மாடியில் வேலை. ஒரு பிடி கொழுந்தை அள்ளிக் கசக்கிப் பார்த்து, "இன்னும் ஈரம் போகல" என்று சொல்கிறவன். அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சம் அதிகம். போனில் ஒரு தாடிக்காரன் கிட்டார் ரிப்பேர் சொல்லிக்கொடுத்தான். தந்திகளைத் தாங்குகிற வெள்ளை எலும்புத் துண்டைக் கழற்றி, அடியில் உப்புத்தாளில் தேய்த்தால் தந்தி இறங்குமாம். தேய்த்தான். இறங்கியது. வாசித்துப் பார்த்த செல்வலட்சுமி, போதும் என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். "மரத்துல ஈரம் இருக்கு. அதையும் எடுத்துட்டா வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்று, அவள் அசந்த நேரம் பார்த்து கிட்டாரை பாக்டரிக்குக் கொண்டுபோனான். சூடான காற்று அடிக்கிற மாடியில், கொழுந்துக்கு நடுவில் படுக்கவைத்து, ஷிப்டு முழுக்க வாட்டி எடுத்துவந்தான்.

உப்பின வயிறு வற்றிவிட்டது. தேய்த்த எலும்பு தேய்த்ததுதான். தந்திகள் கழுத்தின் மேலேயே படுத்துக்கொண்டன. தொட்டால் தகர டப்பாவில் அடைத்த வண்டு மாதிரி ஒரு சத்தம்.

"ஈரத்துக்குன்னுதான எலும்பத் தேச்சீங்க? அப்புறம் ஈரத்தையும் எதுக்கு எடுத்தீங்க?"

"கொழுந்துன்னா சரியா வந்திருக்கும்."

"கிட்டாரக் கிள்ளிப் பறிச்சா கொண்டாந்தேன்?"

இதைக் கேட்க நான் சுவருக்குப் பக்கத்தில் போகவேண்டிய அவசியமே இல்லை. போனேன், அது வேறு விஷயம்.

புது எலும்பு எர்ணாகுளத்திலிருந்து வரவேண்டும், சனிக்கிழமைக்குள் வராது. பழையதுக்கு அடியில் அட்டை வெட்டி வைத்துப் பார்த்தான். கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி சத்தம் அமுங்கிப்போனது. கடைசியில் அவள்தான் சொன்னாள்: "வத்துன மரம் திரும்பக் குடிக்காதா என்ன?" கிட்டாரை ஜன்னலோரம் வைத்தாள்.

அந்த வாரம் பார்த்து வெயில் அடித்தது. லயமே துணி காயப்போட்டுச் சிரித்துக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேர் மட்டும் இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் போடிமெட்டுப் பக்கமிருந்து வெள்ளையாக ஒன்று எழும்பியது. தேயிலை வரிசைகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்து, கேட்காமல் கொள்ளாமல் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தது. பாண்டீஸ்வரன் காய்ச்சல் பிள்ளையைப் போல கிட்டாரை மடியில் வைத்துப் பனிக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் அவ்வப்போது ஒரு தந்தியைத் தொட்டாள். வண்டு ஒவ்வொரு தந்தியாக விட்டுப் பறந்தது. தடித்த தந்தியில் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

சாயங்காலம், துணைக்கு ஆள் வேண்டுமே என்று நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை.

ஜிதின் நல்ல மனசோடு ஒரு காரியம் செய்தான். விருந்தாளிகள் டீ குடித்து முடிக்கும்வரை கிட்டாருக்குக் குளிரக்கூடாது என்று, ஹாலில் எரிந்த கணப்புப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைத்தான். அவள் எடுத்து வாசிக்க ஆரம்பித்ததும் வண்டு திரும்பி வந்தது. ஒரு குழந்தை சிரித்தது. பாண்டீஸ்வரன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்வலட்சுமி எழுந்தாள். கிட்டாரோடு கதவைத் திறந்து வெளியே இறங்கிப் புல்லில் உட்கார்ந்தாள்.

"செல்வி, புறத்து நல்ல தணுப்பாணு. கெஸ்ட் எல்லாம் உள்ளே அல்லே?" என்று பின்னாலேயே ஓடினான் ஜிதின்.

"கிட்டாருக்கு இந்தத் தணுப்பும் பனியும்தான் வேணும் சேட்டா. வாரவங்க வரட்டும்."

அதன்பிறகு அவளைக் காணவில்லை. பனி மூடிவிட்டது. வெகுநேரம் சத்தமே இல்லை. விருந்தாளிகள் வாசலைப் பார்த்தார்கள். நான் அவளுடைய விரிப்புகளையும் வாளிகளையும் நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு தந்தி. பிறகு இன்னொன்று, சுத்தமாக. பாட்டு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியவில்லை. மலையே மெல்ல முனகுவதுபோல இருந்தது. ஒருவர் பின் ஒருவராகக் கட்டிலிலிருந்த போர்வைகளை உருவிப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து, ஈரப் புல்லில் உட்கார்ந்தார்கள். கிட்டாருக்குள்ளிருந்து வாட்டின தேயிலை வாசம் வருகிறது என்று ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பாண்டீஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தடித்த தந்தி நடுநடுவே முணுமுணுத்தது. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அத்தனை போர்வையும் பனியில் ஊறிக் கிடந்தது. அலசியது செல்வலட்சுமிதான். அதுதான் கடைசி, திங்கட்கிழமை முதல் அலச வேறு ஆள் வருகிறது என்று ஜிதின் சொல்லிவிட்டானாம். நேற்று எர்ணாகுளத்துப் புது எலும்பும் வந்தது. அவள் அதைப் பாண்டீஸ்வரன் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறாள். எங்கே என்று எனக்குத் தெரியும்.