மெதுவாகப் போனால் நிற்கும் வண்டி

வேகமாகப் போனால் ஓடுகிற வண்டி மெதுவாகப் போனால் ஏன் நிற்கிறது என்று சின்னராசாவுக்கு விளங்கவில்லை.

காலையிலிருந்து இது மூன்றாவது முறை. பண்டாரவளை பழைய கார் மியூசியத்திலிருந்து தோட்டத்துப் பாதை வரைக்கும் மூன்று மைல், பச்சை வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் வந்தது. லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே சனம் நின்ற இடத்தில் வேகத்தைக் குறைத்து, ஆள் நடக்கிற நடையில் இருநூறு கெஜ தூரம் ஊர்ந்திருப்பான். இரண்டு தரம் விக்கியது, நின்றுவிட்டது. சாவி போட்டால் எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. அரை மணி நேரம் சும்மா விட்டுப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோலப் பற்றிக்கொண்டது.

பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். மேலே வீட்டு வாசலில் தப்பு மேளம் முழங்கியது. உள்ளே பெட்டியில் அவனுடைய அண்ணன் அழகர் கிடந்தார். முந்தாநாள் மியூசியத்தில் ஒரு வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் பம்பைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார். மூன்று மணிக்கு எடுப்பார்கள். இந்த வண்டியின் பின்னாலுள்ள பலகைத்தட்டில்தான் வைப்பார்கள். புதைக்கிற குழிமேடு ஒன்றரை மைல். தப்படிக்கிறவர்களின் நடைக்குத்தான் வண்டி போக வேண்டும்.

ஒரு எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: பெட்ரோல், காற்று, தீப்பொறி. மூன்றும் இருந்தால் ஓடாமலிருக்க அதற்கு உரிமையில்லை. சின்னராசா பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், பொறி நீலமாக நன்றாகவே விழுந்தது. காற்று வடிகட்டி சுத்தம். டாங்கியில் பாதிக்கு மேல் பெட்ரோல். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற செப்புக் குழாயின் நட்டைத் தளர்த்தினான். 'புஸ்' என்று கொஞ்சம் காற்று போனது, பிறகு பெட்ரோல் வந்தது. அதுவும் சரிதான் என்று இறுக்கிவிட்டான்.

அந்தக் குழாயில் அண்ணன் எதற்கோ ஒரு கம்பியை வளைத்து மாட்டியிருந்தார். இரண்டு கொக்கி, நடுவில் ஒரு வளையம். 'கம்பி கட்டுற வேலை' என்று காலையிலேயே அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டிருந்தான்.

"என்ன சின்னராசா, சரி வருமா?"

கேட்டவர் மியூசியத்துக்குச் சொந்தக்காரர் ஸனூஸ் ஹாஜியார். பழைய மரக்கறி ஸ்டோரைத் திருத்தி ஒன்பது கார்களை நிறுத்தி வைத்திருப்பவர். அவருக்குப் பின்னால் பாதை ஓரமாகக் கொழும்பிலிருந்து வந்த பழைய கார் கிளப்காரர்களின் வண்டிகள் வரிசையாக நின்றன. பதினொரு வண்டி. ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கொடி.

"இல்லாட்டி சொல்லுங்க, கிளப்புல ஒரு பெரிய வண்டி ஈக்கி. அதுல வெப்போம்."

"வேணாங்க ஹாஜியார். அவரு வண்டியிலயே போகட்டும்."

"அழகர் உசுரோட ஈந்தா..." என்று தொடங்கிய ஹாஜியார் நிறுத்திக்கொண்டார்.

நிறுத்தாதவர்களும் இருந்தார்கள். மதகில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், "அழகரையே எழுப்பிக் கேட்டாத்தான் உண்டு" என்றார். நாலைந்து பேர் சிரித்து, சாவு வீடு என்பது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சின்னராசாவுக்குக் காது சுட்டது. செத்த பிறகும் இந்த மனிதர் ஜெயிக்கிறாரே என்று நினைத்தான். நினைத்ததை உடனே விழுங்கப் பார்த்தான், முடியவில்லை.

அழகர் எட்டாம் வகுப்பு. தோட்டத்து லொறியில் கிளீனராக இருந்து, பிறகு டிரைவராகி, கடைசியில் மியூசியத்துக்குப் போனவர். சின்னராசா பதுளையில் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். கத்தாரில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். பண்டாரவளையில் சொந்தக் கராஜ். எந்த நவீன வண்டியின் நோயையும் வயரைச் சொருகிப் படித்துச் சொல்கிற கருவி அவனிடம் இருந்தது. ஒரு தடவை அதை மியூசியத்துக்குக் கொண்டுபோனான். அண்ணன் பச்சை வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சொருக எடமில்லியேடா தம்பி" என்றார். கிளப்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றைக்கும் வண்டி இப்படித்தான் நின்றது. கிளப்காரர்களுக்கான வரவேற்பு ஊர்வலத்தில், மெதுவாகப் போகும்போது. சின்னராசா காயிலை மாற்றினான், கண்டென்சரை மாற்றினான், சட்டை எல்லாம் எண்ணெய். பிறகு அண்ணன் வந்தார். எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பொனட்டுக்குள் குனிந்து ஐந்து நிமிஷம் என்னவோ செய்தார். வண்டி பற்றியது. கைதட்டல். "மாஸ்டர்! மாஸ்டர்!" அண்ணனைப் படம் பிடித்துக் கிளப் காலண்டரில் போட்டார்கள், ஏப்ரல் மாதத்துக்கு. தோளில் எப்போதும்போல ஈரம் சொட்டும் துண்டு. அந்தக் காலண்டரை யாரோ கராஜில் கொண்டுவந்து மாட்டினார்கள். ஏப்ரல் முழுக்கச் சின்னராசா மார்ச்சையே தொங்கவிட்டிருந்தான்.

"என்னன்னு கேளேன்டா, சொல்றேன்" என்று அண்ணன் இரண்டு தடவை சொன்னார்.

"எனக்கு எதுக்கு? என் கராஜுக்கு அந்த மாதிரி வண்டி வராது."

மணி ஒன்றரை. சின்னராசா கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஏறினான். பின்பக்கம், அடுப்படி வாசலில் மதினி ஜெயந்தினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் குந்தினான்.

"மதினி, அந்தப் பச்சை வண்டியப் பத்தி அண்ணன் எதாச்சும் சொன்னாரா? எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்காரா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பதான் கேக்கணும்னு தோணுச்சா தம்பி?"

அவன் நகத்தில் ஒட்டியிருந்த எண்ணெய்க் கறுப்பைச் சுரண்டினான்.

"எழுதல்லாம் இல்ல. கிளப்காரங்க வர்ற நாள்ல மட்டும் துண்டு மூணு கேப்பாரு. தோச்சுத் தோச்சு எனக்குக் கை போச்சு. பெட்ரோல் நாத்தம். அங்கங்க காவி நெறத்துல கருகி வேற இருக்கும். பீடி குடிச்சு சுட்டுக்கிட்டியாய்யான்னு சண்ட போடுவேன். சிரிப்பாரு." கொடியைக் காட்டினாள். "அந்தா கெடக்கு."

கொடியில் நீலக் கட்டம் போட்ட துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. சின்னராசா அதை விரித்துப் பார்த்தான். நடுவில் விரல் அகலத்துக்கு நேர்கோடாக ஒரு காவிக் கறை. பீடி சுட்டால் வட்டமாக இருக்கும். இது கோடு. மறுபடி கொடியில் போட்டான். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

"சின்னராசா, நீர்மாலைக்கு வாப்பா. பங்காளிங்க எல்லாம் நிக்கிறாங்க."

அழகருக்கு மகன் இல்லை. ஒரே மகள் சுபாஜினி. அதனால் தம்பிதான் முன்னால் நிற்க வேண்டும். பங்காளிகள் ஆறு பேர் மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போனார்கள். சட்டையைக் கழற்றி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நனைந்த வேட்டியும் தோளில் நனைந்த துண்டுமாகக் குடத்தில் நீர் பிடித்துத் திரும்ப வேண்டும். இறந்தவரைக் குளிப்பாட்ட அந்த நீர். மேலே நாலு பேர் வெள்ளைத் துணி பிடித்து வந்தார்கள்.

வெயில் நல்ல வெயில். இருந்தும் தேயிலை மலையிலிருந்து இறங்கிய காற்று பட்டதும் சின்னராசாவுக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. பக்கத்தில் காய்ந்த சட்டையோடு வந்தவர்களுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

ஈரத்துணி காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டுதான் காயும். இது அவனுக்குத் தெரியாத விஷயமில்லை. நடையின் நடுவில் அவன் ஒரு கணம் நின்றான். பின்னால் வந்தவர் குடத்தில் இடித்துக்கொண்டார்.

"என்னப்பா?"

"ஒன்னுமில்ல."

அண்ணனைக் குளிப்பாட்டினான். கோடித்துணி போர்த்தினார்கள். சுபாஜினி "சித்தப்பா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஈரம் சொட்டும் கையோடு அப்படியே நின்றான்.

மூன்று மணிக்குப் பெட்டியைப் பலகைத்தட்டில் ஏற்றினார்கள். சட்டையை மட்டும் மேலே போட்டுக்கொண்டு, நனைந்த வேட்டியோடு, எதற்கென்று இன்னும் தெளிவில்லாமலே துண்டைப் பிழியாமல் தோளில் போட்டுக்கொண்டு சின்னராசா ஏறி உட்கார்ந்தான். எஞ்சின் பற்றியது. முன்னால் தப்பு, பின்னால் சனம், அதற்கும் பின்னால் பதினொரு பழைய கார். ஹாஜியார் வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தார்.

கொழுந்து நிறுக்கிற பழைய மடுவத்தடி வளைவில் வண்டி விக்கியது. இரண்டாவது விக்கல். நின்றது.

தப்பும் நின்றது. எல்லாருடைய கண்ணும் அவன் முதுகில் இருப்பது தெரிந்தது. கிளப்காரர் ஒருவர் தன் காரிலிருந்து இறங்கினார். யாரோ, "நான் அப்பவே சொன்னேன்" என்றார்கள்.

சின்னராசா இறங்கிப் பொனட்டைத் திறந்தான். எல்லாருக்கும் முதுகைக் காட்டிக் குனிந்தான். செப்புக் குழாயை விரலால் தொட்டான், சுட்டது. அது எக்ஸாஸ்டுக்கு மேலாக, நாலு விரல் இடைவெளியில் போயிற்று. காலையிலிருந்து பார்த்த அதே குழாய்.

பண்டாரவளை கடலுக்கு மேலே நாலாயிரம் அடி. இந்த உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அதனால்தான் இங்கே பருப்பு வேக நேரமெடுக்கிறது என்று ஜெயந்தினி கொழும்புச் சொந்தக்காரர்களுக்குச் சொல்வாள். தண்ணீருக்கு உள்ளது பெட்ரோலுக்கும் உண்டு. வண்டி வேகமாகப் போனால் காற்று குழாயை ஆற்றும், பெட்ரோலும் சூடேற நேரமில்லாமல் ஓடிவிடும். நடக்கிற வேகத்தில் காற்றில்லை. பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகும். பம்புக்குத் திரவத்தைத்தான் தள்ளத் தெரியும். ஆவியை அது அமுக்குகிறது, விட்டதும் ஆவி மறுபடி விரிகிறது, ஒரு சொட்டு நகர்வதில்லை. காலையில் 'புஸ்' என்று போனது வெறும் காற்றில்லை. சின்னராசா படித்த வண்டிகளில் பம்பு டாங்கிக்குள்ளேயே இருந்து அழுத்தத்தோடு தள்ளும். அவற்றுக்கு இந்த வியாதி வருவது அபூர்வம்.

தோளிலிருந்த ஈரத்துண்டை எடுத்து மடித்துக் குழாயில் சுற்றினான். 'ஸ்ஸ்' என்று ஆவி எழுந்தது. துண்டு வழுக்கியது, நிற்கவில்லை. சட்டைப் பையைத் துழாவிக் கம்பியை எடுத்தான். வளையம் குழாய்க்கு, இரண்டு கொக்கியும் துண்டின் இரண்டு நுனிக்கு. அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. அளவெடுத்துத்தான் செய்திருந்தார்.

"ஹாஜியார், தண்ணி போத்தல் இருக்குங்களா?"

ஹாஜியார் தந்தார். துண்டின் மேல் ஊற்றினான். ஐந்து நிமிஷம் நின்றான். பிறகு ஏறிச் சாவியைத் திருப்பினான். இரண்டு சுற்று, மூன்று சுற்று. பற்றியது.

கிளப்காரர் ஒருவர் கைகளை உயர்த்தினார். தட்டப் போனவர், பலகைத்தட்டைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். யாரும் தட்டவில்லை. சின்னராசா திரும்பிப் பார்க்கவில்லை. கிளட்சை மெதுவாக விட்டான்.

"என்னதான் செஞ்சீங்க?" ஹாஜியார் ஜன்னலோடு நடந்துகொண்டே கேட்டார். "அவர்ட எத்தின தரம் கேட்டேன், சிரிச்சிட்டுப் போய்டுவார். நாளைக்கு யாராச்சும் ஓட்டணுமே."

தப்பு மறுபடி தொடங்கியது. அந்தச் சத்தத்தில் கேட்கும்படி சின்னராசா கொஞ்சம் உரக்கவே சொன்னான்:

"பம்புலருந்து கார்புரேட்டருக்குப் போற பைப்புல, எக்ஸாஸ்டுக்கு மேல வர்ற அரை அடிக்கு, ஈரத்துண்டு சுத்தணும். அண்ணன் செஞ்ச கம்பி இருக்கு, அதுல மாட்டினா வழுக்காது. கால் மணிக்கு ஒருக்கா தண்ணி ஊத்தணும். மெதுவாப் போனாலும் நிக்காது."