விழுந்து கொடுத்தவன்

1.

இந்தக் கதை ஒரு நிக்காஹ் பத்திரிகையிலிருந்து பிறந்தது. என் மகள் ஹமீதாவின் பத்திரிகை. அச்சகத்திலிருந்து திருத்தம் பார்க்க வந்த தாளில், பெண்ணின் சாச்சாவான என் தம்பியின் பெயர் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. காலியாக விடச் சொன்னவன் நான்தான். அந்த ஒரு வரியை நிரப்பலாமா என்று நேற்றுக் காலையில் உட்கார்ந்தேன். வரி வரவில்லை. கதை வந்துவிட்டது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு எதிரே முப்பது வருஷமாகக் கிதாபுக் கடை வைத்திருக்கிறேன். பிறர் எழுதியதை விற்றுப் பழக்கம். எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுக்க வேண்டும். பொய் இருந்தால் பொறுக்க வேண்டாம்.

2.

முதல் தொடக்கம்: "1934ஆம் ஆண்டு, சுங்கை பினாங் ஆற்றோரத்துத் திடலில், என் தம்பி ஷேக் அலாவுதீன் நெஞ்சை நிமிர்த்தி நாயை எதிர்..."

(நிறுத்திவிட்டேன். அவன் அங்கே நெஞ்சை நிமிர்த்தியதே இல்லை. நிமிர்த்தினால் வேலை கெட்டுவிடும்.)

இரண்டாம் தொடக்கம்: "என் தம்பி ஒரு கள்ளன்."

(இது உண்மை. ஆனால் இந்த வரியோடு யாராவது படிப்பதை விட்டுவிட்டால், எங்கள் குடும்பப் பெயர் என்ன ஆவது?)

விளக்கிவிடுகிறேன். அந்தத் திடலில் ஒரு வெள்ளைக்காரத் தொரை, சரக்குக் கிட்டங்கிகளுக்குக் காவல் நாய்களைப் பழக்குகிறார். கள்ளனைப் பிடிக்க நாய்க்குக் கற்றுக்கொடுக்க ஒரு கள்ளன் வேண்டும். கள்ளனாக நடிக்கிற ஆள். அந்த ஆளுக்குத் திடலில் பெயரே 'கள்ளன்' தான். என் தம்பிக்கு அதுதான் தொழில்.

3.

கோணியும் தேங்காய் நாரும் வைத்துத் தைத்த தடித்த உறை ஒன்றை அவன் இடக்கையில் தோள்வரை மாட்டிக்கொள்வான். சாக்குக் கை என்பார்கள். நாய் கவ்வ வேண்டியது அதைத்தான். கவ்வியதும் கள்ளன் போராட வேண்டும், ஆனால் ஜெயிக்கக் கூடாது. சரியான கணத்தில் தன் கையை உருவிக்கொண்டு உறையை நாயின் வாயில் விட்டுவிட வேண்டும். முந்தி உருவினால் நாய்க்கு வென்ற நிறைவு வராது. பிந்தினால் பயம் வந்துவிடும். அந்தக் கணம் எது என்று என் தம்பிக்கு எப்படித் தெரிகிறது என்பதை இந்தக் கதையால் சொல்ல முடியவில்லை. நானும் மூன்று முறை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

(அடிக்குறிப்பாக ஒன்று: நாயின் எச்சில் பட்டால் நாங்கள் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கரைத்த நீரால். அலாவுதீன் திடலிலேயே கழுவி, உடை மாற்றித்தான் தொழ வருவான். ஒரு நாளும் ஆறோடு நிறுத்தியதில்லை. இருந்தும் அவனை என் வீட்டுப் பின்வாசல் வழியாகத்தான் வரச் சொல்லியிருந்தேன்.)

4.

மாப்பிள்ளையின் வாப்பா சீனி முகம்மது அரிசி வியாபாரி. சம்பந்தப் பேச்சு முடிகிற தறுவாயில், கிட்டங்கிக்கு நாய் பார்க்க வேண்டும் என்று என்னையும் திடலுக்கு அழைத்துப் போனார். மறுக்கக் காரணம் அகப்படவில்லை.

நாய்களைப் பிடித்திருந்த தங்கராஜு, அண்ணனை நாங்கள் அழைக்கிற மாதிரி 'நானா' போட்டுக் குரல் கொடுத்தார். "கள்ளன் நானா! வாங்க லா, ஒங்களக் கடிக்க ஆளு காத்துக்கிட்டிருக்கு!"

"பல்லு வெளக்கிட்டு வந்திருக்கா அது?" என்று கேட்டுக்கொண்டே அலாவுதீன் தகரக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து வந்தான்.

நாயின் பெயர் ராணி. முன்பிருந்த கள்ளன் ஒருவன் அதை நிஜமாகவே அடித்துவிட்டானாம். அன்றும் கவ்வாவிட்டால் உதவாது என்று தொரை சுட்டுவிடுவார். என் தம்பியைக் கண்டதும் ராணி வாலை ஒடுக்கிக்கொண்டு தங்கராஜுவின் காலுக்குப் பின்னால் போனது.

அலாவுதீன் முன்னேறவில்லை. நாயின் கண்ணைப் பார்க்கவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தோளைச் சாய்த்து, ஓரடி பின்வாங்கினான். ராணி எட்டிப் பார்த்தது. இன்னும் ஓரடி. ராணி குரைத்தது. அவன் பதறினான், ஓடினான், தடுக்கிச் சேற்றில் விழுந்தான். ராணி பாய்ந்து கவ்வியது. நாய் தலையை உதற உதற அவன் அலறினான். பிறகு, அந்தக் கணத்தில், கை உருவிக்கொண்டது. ராணி சாக்குக் கையைத் தூக்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து, திடலை ஒரு சுற்று ஓடியது.



5.

"நாயக் கண்டு இப்புடி விழுறானே!" என்று சிரித்தார் சீனி முகம்மது.

"விழல. விழுந்து கொடுத்தான். அவன் என் தம்பி" என்றேன்.

(இல்லை. அப்படிச் சொன்னதாக எழுத ஆசைப்பட்டேன். அதைச் சொன்னவர் தங்கராஜு. "விழுந்து குடுத்தாரு மொதலாளி, விழல" என்றார்.)

சீனி முகம்மது என் பக்கம் திரும்பினார். "இவரு பேரு அலாவுதீன்னு இங்க சொன்னாங்க. ஒங்க தம்பி பேரும் அதானே?"

"அது வேற ஆளு. என் தம்பி ஈப்போவுல இருக்கான்."

சேற்றைத் துடைத்துக்கொண்டு அலாவுதீன் எதிரிலேயே நின்றிருந்தான். சீனி முகம்மது அவனிடம், "ஒங்களுக்கு எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார்.

அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தோளைச் சாய்த்து, ஓரடி பின்வாங்கினான். "நமக்கு ஊரு ஏது மொதலாளி. இந்தப் பெரியவரக் கடையில பாத்திருக்கேன், அவ்ளோதான் லா."

நான் தலை நிமிர்ந்து வண்டி ஏறினேன். வாயில் எதைக் கவ்விக்கொண்டு போகிறேன் என்று வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

நாய் வாய் பட்ட கைக்கு ஏழு முறை. இப்படிச் சொன்ன வாயை எத்தனை முறை கழுவுவது என்று என் கடையில் இருக்கும் எந்தக் கிதாபிலும் இல்லை.

6.

முடிவு ஒன்று: பெயர் இல்லாமலே பத்திரிகை அச்சாகிறது. சாச்சா பந்தலின் கடைசி வரிசையில் யாரோ போல உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். (அவரே கேட்டது இதுதான். "பேரு வேணாம் நானா. புள்ளைக்கு நல்லது நடக்கட்டும்.")

முடிவு இரண்டு: பெயரோடு அச்சாகிறது. அதைப் பார்த்த சீனி முகம்மது, பொய் சொன்ன வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்று...

(இதை என்னால் முடிக்க முடியவில்லை. அடுத்த அறையில் ஹமீதா துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.)

ஆகவே மூன்றாம் முடிவு. அது என் கையில் இல்லை. சம்பந்தி சீனி முகம்மது அவர்களே, இந்தக் கதைக்கு முதல் வாசகர் நீங்கள். இதோடு பத்திரிகைத் தாளையும் வைத்திருக்கிறேன். காலி இடத்தில் 'ஜனாப் ஷேக் அலாவுதீன்' என்று என் கையெழுத்தில் இருக்கும். சம்மதமானால் அச்சகத்துக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் தாளைத் திருப்பி அனுப்புங்கள். பெயரை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

இதைக் கொண்டுவந்து உங்கள் எதிரில் நிற்பவரை என் வீட்டு முன்வாசல் வழியாகத்தான் அனுப்பியிருக்கிறேன். எந்த ஊர், யாருடைய தம்பி என்று அவரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.