வண்டியின் சோத்தாங்கை

இனிமேல் காரில் ஏறமாட்டேன் என்று செங்குட்டுவன் சொல்லிப் பதினாறு நாள் ஆகிவிட்டது. சும்மா சொல்லவில்லை, செத்துப்போன அம்மா மேல் சத்தியம் பண்ணிச் சொன்னான். இருபது வருஷம் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டிய ஆள். முதுகில் ஆபரேஷன் ஆனபிறகு முதல் தடவை பிசியோதெரபிக்குப் போன அன்று, எண்ணூர் ரோட்டில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் "ஐயோ அம்மா" என்று அலறிவிட்டான். சிக்னலில் நின்ற லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதில் ரெண்டு பேர் தெரிந்தவர்கள். வலியைவிட அந்த மானக்கேடுதான் அவனைத் தின்றது.

டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்: இந்த மாதத்தை விட்டால் இடது காலில் போன பலம் திரும்பாது. அவன் மனைவி ரமாபாய் கெஞ்சினாள், திட்டினாள், ரெண்டு நாள் பேசாமல் இருந்தும் பார்த்தாள். மனுஷன் ஜன்னலோரக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடியே கிடந்தான்.

கடைசியில்தான் அவளுக்கு உறைத்தது. ஆளைத் திட்டி என்ன பிரயோஜனம்? குலுக்குவது கார்தானே! பதிமூன்று வருஷப் பழசு. முன்பக்கத்து ஷாக் அப்சார்பர் ரெண்டும் எண்ணெய் ஒழுகிச் செத்துப் போயிருந்தன. பானட்டை ஒரு அமுக்கு அமுக்கினால் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் நாலு நாள் விட்டுட்டுப் போ என்றான். அடுத்த சிகிச்சையோ செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு. நாலு நாளாவது, மண்ணாங்கட்டியாவது! மணலியில் பம்பு செய்யும் கம்பெனியில் பதினோரு வருஷமாக நட்டு முடுக்குகிறவள் அவள். ஷாகுல் ஹமீது கடையில் ஸ்பிரிங்கைப் பொருத்தியே புது ஷாக் ரெண்டு வாங்கி வந்தாள். செவ்வாய்க்கிழமை லீவு போட்டாள். காலை எட்டு மணிக்கே வாசலில் காரை ஜாக்கியில் ஏற்றி, அடியில் இரும்பு ஸ்டாண்டும் பின்சக்கரத்துக்குக் கல்லும் கொடுத்துவிட்டாள்.

எதிர்வீட்டு ஃபிர்தௌஸ் துணைக்கு வந்தாள். துருப்பிடித்த நட்டுகள் ரெண்டு மணி நேரம் அழிச்சாட்டியம் பண்ணின. ஒருவழியாகப் பழசு ரெண்டையும் கழற்றி ஒரே மூலையில் போட்டார்கள். அப்புறம்தான் வம்பு. புதுசு ரெண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. பிரேக் ஓஸ் என்கிற ரப்பர்க் குழாயைப் பிடித்துக்கொள்ளும் கிளிப் மட்டும் ஒன்றில் இந்தப் பக்கம், மற்றதில் அந்தப் பக்கம். கடைக்காரர் சாக்பீஸால் எழுதிக் கொடுத்தது பையில் உரசி அழிந்திருந்தது.

ரமாபாய் ஒன்றை ஜன்னலுக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "யோவ், இது எந்தப் பக்கம்யா?"

அவன் சுவரை விட்டுத் திரும்பினான். உற்றுப் பார்த்தான். "சோத்தாங்கை பக்கம்" என்றான். அவ்வளவுதான்.

பானட்டுக்கு முன்னால் வண்டியைப் பார்த்து நின்றிருந்த ரமாபாய், அவளுடைய சோத்தாங்கைப் பக்கம் மாட்டினாள். ஃபிர்தௌஸ் தாங்கிப் பிடிக்க, மேலே மூணு நட்டு, கீழே ரெண்டு போல்ட்டு. எல்லாம் முடுக்கிவிட்டுப் பிரேக் ஓஸை மாட்டப் போனால், கிளிப் வேறு பக்கம் பார்த்து நின்றது. இழுத்துப் பார்த்தும் எட்டவில்லை. மணி பதினொன்றரை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"யோவ்! தப்பா சொல்லிகிறியேயா! ஓஸு எட்டல!"

"நான் கரீட்டாத்தான் சொன்னேன். நீ எங்க மாட்டின?"

"சோத்தாங்கை பக்கம்!" கிரீஸ் அப்பிய வலது கையை ஆட்டிக் காட்டினாள்.

"அடச்சே, அது உன் சோத்தாங்கைமே! நான் சொன்னது வண்டியோட சோத்தாங்கை!"

"வண்டி இன்னா சோறா துன்னுது? அதுக்கு ஏதுயா சோத்தாங்கை?"

ஃபிர்தௌஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னலுக்குள் செங்குட்டுவன் சிரித்தான். கட்டில் கிரீச்சிடச் சிரித்தான். "ஐயோ, வலிக்குதுமே, சிரிக்க வெக்காத" என்று சொல்லிக்கொண்டே மறுபடி சிரித்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவள் கேட்டதே இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுப்பாளா?

"டிரைவர் சைடுனு சொல்லித் தொலையறதுக்கு இன்னா?"

"சரிமே, என் மிஸ்டேக்குதான். கழட்டி டிரைவர் சைடு மாட்டு. மொதல்ல நட்டெல்லாம் கையால ஏத்திக்கோ, அப்பால முடுக்கு."

அதற்கப்புறம் ஆள் வாயே மூடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்து எக்கி எக்கி, அதைப் பிடி, இதைத் துடை என்று உயிரை எடுத்தான். ரெண்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. பானட்டை அமுக்கிப் பார்த்தாள். ஒரே தரம் எழும்பி அப்படியே நின்றது.

கை கழுவிவிட்டு உள்ளே போனால், அவன் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"இன்னா பாத்துகினு கீற? மூணு மணிக்கு இல்ல?"

"சத்தியம் பண்ணியே?"

"அது பழைய ஷாக்குக்குப் பண்ணது."

சீட்டைச் சாய்த்து அவனைப் படுக்கவைத்தாள். எண்ணூர் ரோடு ஏறியதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினான். பயம் போய்விடவில்லை, பாவம்.

"காசிமேட்டாண்ட பெரிய பள்ளம் கீதுமே. வந்தா சொல்லு, பல்லைக் கடிச்சிக்கிறேன்."

ரமாபாய் கியரை மாற்றி ஓட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் போயிற்று.

"வந்துச்சா?"

"கண்ணைத் தொறயா" என்றாள். "காசிமேடு தாண்டி ராயபுரமே வந்துட்டோம்."