சாப்பாட்டு மேசையில் எழுந்த சுவர்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. அரசாங்கம் ஒரு மலையை இரண்டாகப் பிளக்கப் போய், ஒரு சாப்பாட்டு மேசையைப் பிளந்த கதை இது.

அந்த நாட்டில் ஒரு ராட்சசக் கம்பெனி. ஊசியோ உழவு இயந்திரமோ, போனில் வாங்குவதென்றால் அதன் கடைதான். வீட்டுக்குக் கொண்டுவருவதும் அதன் வண்டிதான். வேறு வண்டியில் அனுப்புகிறேன் என்று எந்த வியாபாரியாவது வாயைத் திறந்தால், அவர் சரக்கு யார் விரலும் எட்டாத கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். இதைத் தட்டிக்கேட்க அரசாங்கம் வைத்த ஆணையம் பல வருஷம் வழக்காடி ஜெயித்தது. கடை வேறு, வண்டி வேறு. இந்தப் பக்கத்துச் சேதி அந்தப் பக்கம் போனால் சொன்னவருக்கும் கேட்டவருக்கும் வேலை போகும் என்று உத்தரவு. கட்டடத்தின் நடுவே சுவர் எழும்பியது. அதைக் கண்காணிக்க வந்த அதிகாரிக்கு 'சுவர் சார்' என்றே பெயர் விழுந்தது.

இரண்டு பக்கத்துத் தலைவர்களும் மாமன் மச்சான். ஒரே காரில் வந்து இறங்கி, வாசலில் ஆளுக்கொரு பக்கம் பிரிவார்கள். காரில் தொழில் பேசுவதில்லை என்றார்கள். சுவர் சார் நம்பினார். பெரிய மனிதர்கள் பொய் சொல்வார்களா?

நம் கதையின் நாயகியோ வண்டிப் பக்கம். எந்த வேன் எந்தத் தெருவுக்கு என்று வழி போடுகிறவள். அவள் புருஷன் கடைப் பக்கம். சுவர் சார் இருவரையும் தனியே கூப்பிட்டார்.

"வீட்ல வேலைப் பேச்சே கூடாது."

"வேற என்னதான் சார் பேசுறது?"

"வானிலை பேசுங்கம்மா."

பேசினார்கள். மழை வருமா வராதா என்று தினமும் கேட்டு மாமியாருக்கே சலித்துவிட்டது. "ரேடியோவையாவது போட்டுத் தொலைங்கடா!"

அந்தச் சமயத்தில்தான் ஒரு சின்ன வண்டிக் கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது.

"வேன் நாலு, டயர் மூணுங்கற மாதிரி இருக்கு அந்தக் கம்பெனி. நாளைக்கு வேண்டாம்னு சொல்லிடப் போறேன்" என்றாள், அவன் சாப்பிடும்போது.

புருஷனுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்தான். தலையைக் குனிந்து மறுபடி பரிமாறிக்கொண்டான். பிறகு எழுந்து, யாரும் கேட்காமலே பாத்திரங்களைத் தேய்க்கத் தொடங்கினான். அப்புறம்தான் அவள் முதல் வாய் எடுத்து வைத்தாள். குழம்பில் உப்பே இல்லை! கல்யாணமான நாளிலிருந்து உப்புக்குச் சண்டை பிடிக்கிற மனிதன், மூச்சு விடாமல் தின்றிருக்கிறான்.

"என்னங்க?"

"மழை வரும்போல இருக்கு" என்றான், குழாயைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் காலை அவள் சின்னக் கம்பெனிக்குச் சரி என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த மாதம் விஷயம் வெளியே வந்தது. கடை, நகரத்தில் சரக்கைக் கொண்டுசேர்க்கும் வேலை முழுவதையும் அந்தச் சின்னக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டது. அவளுடைய பழைய பிரிவு கலைந்தது. கூட இருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். சுவர் சார் அவளைப் பிடித்துக்கொண்டார். புருஷன் சேதி சொன்னது நிரூபணமானால் இரண்டு பேர் வேலையும் காலி.

"உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"ஒண்ணுமே சொல்லல சார். உப்பு இல்லைன்னுகூடச் சொல்லல."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"அதான் சொன்னேனே சார். உப்பு இல்லைன்னுகூடச் சொல்லல."

சுவர் சார் பேனாவை மூடினார். "குடுத்து வெச்சவங்கம்மா. எங்க வீட்ல நான் வாய்விட்டுக் கத்தினாலும் யாரும் காதுல போட்டுக்கறதில்ல."

உத்தரவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பேசத்தான் தடை, பேசாமல் இருக்கத் தடை எங்கேயும் இல்லை. வழக்கை மூடினார்.

அந்த வருஷத்து அறிக்கையில் ஆணையம் பெருமையோடு எழுதியது: "பிரிவினை முழு வெற்றி. ஒரே வீட்டில் வாழும் கணவனும் மனைவியும் உப்பைப் பற்றிக்கூடப் பேசிக்கொள்வதில்லை."

தலைவர்கள் இருவரும் அதைக் காரில் சேர்ந்து உட்கார்ந்து படித்தார்கள்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு மேசையில் எந்தச் சுவரும் எழாமல் இருக்கட்டும்; எழுந்தாலும், உங்கள் முகத்தைப் படிக்கிற ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கட்டும்.