நனைக்காத சாக்கு

காஸ்டிக் சோடாவைச் சுடுதண்ணீரில் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதிலிருந்து கிளம்பும் ஆவி மூக்கைக் கிழித்துக்கொண்டு ஏறும். நவமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு அகப்பையால் கொஞ்சங்கொஞ்சமாகப் போட்டாள். புக்கிட் ரோத்தான் சாலையோரத்துத் தகரக் கொட்டகைக்குள் காலை வெயில் இப்போதுதான் எட்டிப்பார்த்தது. அவள் குடியிருக்கும் ரப்பர் தோட்டத்து வேலிக் கதவு விடிந்தால்தான் திறக்கும். திறந்ததும் சோதனைக்காரி கொண்டை முடிச்சைக்கூட விடாமல் தடவிப் பார்ப்பாள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறும் போய்விடக் கூடாதாம். அதற்காக வேலைக்குப் போகிறவர்களும் மத்தியானச் சோறு இல்லாமல் போக வேண்டும் என்று சர்க்கார் முடிவுகட்டியிருந்தது.

எதிரே காளியம்மா ஒரு ஸ்கிரீனைத் தொட்டியில் சாய்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கிரீன் என்றால் வேறொன்றுமில்லை, மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்து அடித்த மெல்லிய துணி. அதில் பசையையும் மஞ்சள் உப்பையும் கலந்து பூசி, மேலே எழுத்தை வைத்து வெயிலில் காட்டுவார்கள். வெயில் பட்ட பசை கெட்டியாகிவிடும். எழுத்து மறைத்த இடத்துப் பசை மட்டும் தண்ணீரில் கரைந்துபோகும். அந்தத் திறப்பின் வழியாக ரப்பர் கட்டையால் மையை இழுத்தால் தகரத்தில் எழுத்து விழும். மை இழுப்பது கிஃபாயத்துல்லா. அவரை முதலாளியே 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். அந்த எழுத்துத் தேவையில்லை என்று ஆனபிறகு, கெட்டிப் பசையைக் காரத்தில் இளக்கி, தேய்த்துக் கழுவி, துணியை மறுபடி வெறுந்துணியாக்கிக் கொடுப்பது இந்தப் பெண்களின் வேலை. இவர்களை யாரும் எந்தப் பெயராலும் கூப்பிடுவதில்லை.

மலாயாவில் அவசரகாலம் வந்தபிறகு கொட்டகையில் அச்சாவதெல்லாம் ஊரடங்குப் பலகைகள்தான். ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்று மொழிக்கு ஒரு ஸ்கிரீன். ஊரடங்கு நேரத்தை இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நாலு ஸ்கிரீனையும் கழுவ வேண்டும். எங்கோ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு துரை பேனாவைச் சுழித்தால், இங்கே மூன்று பெண்களுக்குக் கைத்தோல் உரிந்தது.

நவமணியின் வலது கட்டைவிரலில் மிளகு அளவுக்கு ஒரு குழி. மஞ்சள் உப்பு தின்ற இடம். சும்மா இருக்கும்போது வலிக்காது, ஆறவும் ஆறாது. காரத் தண்ணீர் உள்ளே போனால் மட்டும் உயிர் போய்விட்டு வரும்.

"எத்தன தரம் கேட்டாச்சு, ஒரு ரப்பர் உறைக்கு?" என்றாள் ஹலீமா. மூவரில் இளையவள், ஊருக்குள்ளேயே குடியிருப்பவள். "சுத்திவர ரப்பர் காடு. நம்ம கைக்கு ஒரு உறை இல்லலா."

"அந்த ரப்பரெல்லாம் சீமைக்குப் போயி தொரைமாரு கையில ஏறணும்டி" என்றாள் காளியம்மா. "நம்ம கை என்ன, வெறும் தோலுதானே."

சாயங்காலம் ஒரு ஜீப் வந்து நின்று போயிற்று. முதலாளி சிவானந்தம் உள்ளே வந்தார். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர், சர்க்கார் ஆர்டர் கிடைத்ததும் கொட்டகை போட்டு முதலாளி ஆனவர். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு மை படாது. அவ்வளவு தள்ளியே நிற்பார்.

"ஏழு மணி இல்லையாம், இனி ஆறு மணிக்கே ஊரடங்கு. இன்னிலேருந்தே. புதுப் போர்டு நாளைக்கு மத்தியானம் கைக்கு வந்தாகணும். நாலையும் இப்பவே ஊத்தித் தேயுங்க."

அறிவிக்கும் பலகை நாளைக்குத்தான் வரும், ஆனால் இன்றைக்கே பிடித்து உள்ளே போடுவார்கள். இந்த நியாயத்தை யாரிடம் போய்க் கேட்பது? சுவரிலிருந்த கடிகாரத்தில் ஐந்து அடித்துக்கொண்டிருந்தது. தோட்டத்துக்குப் போய்ச் சேர ஓட்டமாக ஓடினாலும் அரை மணி பிடிக்கும்.

"இப்ப ஊத்தினா முடிக்க முடியாது முதலாளி" என்றாள் நவமணி. "தொட்டி ஒண்ணுதான் இருக்கு. பசை இளகுனதுக்கப்புறம் பாதியில விட்டா, காஞ்சு மாட்டுக் கொம்பாட்டம் ஆயிடும். அப்புறம் துணியக் கிழிச்சாத்தான் உண்டு. காலையில வந்து ஊத்துறோம்."

"காலையில ஊத்தினா எப்பப் பூசுறது, எப்பக் காய வைக்கிறது? ஊத்தச் சொன்னா ஊத்து. முடிஞ்ச வரைக்கும் தேயுங்க. மிச்சத்துக்கு ஈரச் சாக்கப் போட்டு மூடிட்டுப் போங்க. இதெல்லாம் நான் சொல்லித் தரணுமா?"

கிஃபாயத்துல்லா மூலையில் ரப்பர் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. தலையைத்தான் தூக்கவில்லை.

ஊற்றினார்கள். பசை உப்பிக்கொண்டு எழும்ப, மூன்று பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார்கள். ஒரு ஸ்கிரீன் வெளுத்து வந்தது. மற்ற மூன்றும் கொழகொழவென்று பாதியில் நின்றன. ஹலீமாவை வீட்டுக்கு விரட்டிவிட்டுக் காளியம்மா சாலைக்கு ஓடினாள். சாக்கை நனைத்து மூடுகிற முறை அன்று நவமணிக்கு. அவள் கடைசியாக ஒரு இழுப்பு இழுக்கையில் பிரஷ் வழுக்கி, கட்டைவிரல் அப்படியே காரத்துக்குள் போயிற்று. கண் இருட்டிவிட்டது. மழைத்தண்ணீர்ப் பீப்பாயில் கையை முக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது.

"நவமணி! வேலிய மூடிருவான், வாடி!" என்று காளியம்மா சாலையிலிருந்து கத்தினாள்.

ஓடினாள். தோட்டத்துக் கதவைத் தாண்டி, பின்னால் சங்கிலி விழும் சத்தம் கேட்டபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"அக்கா, சாக்கு!"

காளியம்மா அவளைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள். "இப்ப ரோட்டுல கால வெச்சா சுட்டுப் போட்டுருவான். நட" என்றாள்.

மறுநாள் காலையில் மூன்று ஸ்கிரீனும் சுவரோரம் சாய்ந்திருந்தன. நவமணி நகத்தால் தட்டிப் பார்த்தாள். தகரத்தைத் தட்டினது போலக் கேட்டது. இளகி வழிந்த பசை துணியின் ஒவ்வொரு கண்ணிலும் இறங்கி இறுகிப்போயிருந்தது. சாக்கு ஆணியில் காய்ந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி வந்து பார்த்தார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"யாரு கடைசியாப் போனது?"

"நான்தான் முதலாளி. மறந்துட்டேன். என் தப்புதான்."

"மறதி." அவர் அந்தச் சொல்லை மென்று பார்த்தார். "சர்க்கார் போர்டு நிக்கிதே, இதுக்கு வேற பேரு இருக்கு, தெரியுமா? நாசவேலை. மத்தியானம் இன்ஸ்பெக்டர் வருவாரு. போர்டு எங்கன்னு கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும்?"

நவமணிக்கு அது தெரியும். அவள் குடியிருக்கும் லயத்துக் கார்த்திகேசுவைப் போலீஸார் அப்படித்தான் கொண்டுபோனார்கள். கூலி ஏன் குறைந்தது என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் நாலு பேருக்கு முன்னால் கேட்டான், அவ்வளவுதான். கம்பிக்குள் வைத்திருந்து பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். நவமணி பிறந்ததே இந்தத் தோட்டத்தில். அக்கரையில் அவளுக்கு ஒரு ஈ காக்கையைத் தெரியாது. இங்கே பால் மரம் வெட்டப் போகிற புருஷன் உடையப்பனும், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்களும். அந்தப் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடாமல்தான் இன்றைக்கு ஓடி வந்திருந்தாள்.

சிவானந்தம் குரலை இறக்கினார். "நான் கெட்டவன் இல்ல. ஒரு வழி சொல்றேன். சோடாவ ரெட்டப் பங்கு போடு. கொதிக்கக் கொதிக்க ஊத்தி, மத்தியானத்துக்குள்ள மூணையும் தேய்ச்சுக் குடுத்துடுங்க. நான் வாயத் திறக்கல."

நவமணி உடனே அகப்பையை எடுத்துவிட்டாள். காளியம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இந்தக் கையோடயா? ரெட்டப் பங்குல எலும்பு தெரியும்டி."

"என் தப்புக்கா. நான்தான் செய்யணும்."

"சாக்கு நனைக்காதது உன் தப்பு. இல்லங்கல. அஞ்சு மணிக்கு மேல நாலையும் ஊத்தச் சொன்னது யாரு தப்பு? ரெண்டாவது தொட்டி வாங்காதது யாரு தப்பு? உறை கேட்டப்பல்லாம் செவிடாட்டம் போனது யாரு?" அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். "உறை வந்தாத்தான் கை நனையும் முதலாளி. சாயந்தரத்துல புதுசா ஊத்த மாட்டோம். இவளக் காட்டிக்குடுக்கிறதுன்னா எங்க எல்லாரையும் சேத்துக் காட்டிக்குடுங்க."

ஹலீமா கையிலிருந்த பிரஷைத் தரையில் வைத்துவிட்டு வந்து நவமணியின் பக்கத்தில் நின்றாள்.

"ஓகோ, சங்கம் வெச்சாச்சு" என்றார் சிவானந்தம். "மாஸ்டர், நீங்க சொல்லுங்க. நேத்து சாக்குப் போட்டு மூடச் சொன்னேனா இல்லையா?"

கிஃபாயத்துல்லா தொண்டையைச் செருமினார். "சொன்னீங்க."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு முதலாளி வாசலுக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜீப் வருகிற திசையைப் பார்த்தபடி.

"மாஸ்டர், மிச்சத்தையும் சொல்லலாம்லா" என்றாள் ஹலீமா, அடித்தொண்டையில்.

"எதச் சொல்ல? அவரு ஒரு வார்த்த சொன்னா என் பெர்மிட்டு போச்சு. ஊருல எத்தன வயிறு என் கையப் பாத்து இருக்குன்னு உனக்குத் தெரியுமா, ஹலீமா?"

காளியம்மா ஏதோ சுடச்சுடச் சொல்ல வாயெடுத்தாள். நவமணி தடுத்தாள். "விடுக்கா. பாய், எனக்காகப் பொய் சொல்லுங்கன்னு கேக்கல. முடிக்க முடியாதுன்னு நான் சொன்னேனே, அது உங்க காதுல விழுந்துச்சா? விழுந்திருந்தா, கேக்குறப்ப விழுந்துச்சுன்னு சொல்லுங்க. அது போதும்."

அவர் மை படிந்த தன் கையைப் பார்த்தார். பிறகு மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து வலது ஆள்காட்டி விரலின் அடியை அழுத்தித் துடைத்தார். கறுப்பு மைக்குக் கீழே மிளகு அளவுக்கு ஒரு குழி இருந்தது. மஞ்சள் உப்பைப் பசையில் கலக்குவது அவர்தானே.

"ரொம்ப நாளா இருக்கு" என்றார். "மை பூசி மறச்சு வெச்சிருந்தேன். கையில நோவுன்னு தெரிஞ்சா வேற ஆளப் பாத்துருவாரு."

நால்வரும் வேலை செய்யாமல் நின்றார்கள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது.

ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்குவதற்கு முன்பே சிவானந்தம் ஓடிப்போய் மலாயில் எல்லாவற்றையும் கொட்டினார். இன்ஸ்பெக்டர் கெட்டியான மூன்று ஸ்கிரீனையும் பார்த்தார், யார் என்று கேட்டார்.

"நான்தான், துவான்" என்று நவமணி முன்னால் வந்தாள்.

"அஞ்சு மணிக்கு ஊத்தச் சொன்னது யாருன்னும் கேளுங்க துவான்!" என்று காளியம்மா பின்னாலிருந்து கத்தினாள். பாதி தமிழ், பாதி மலாய்.

"பாத்தீங்களா துவான், ஆள் சேக்குறாங்க" என்றார் சிவானந்தம்.

இன்ஸ்பெக்டருக்கு வெயிலில் நின்று வழக்குக் கேட்கப் பொறுமையில்லை. ஸ்டேஷனில் பேசிக்கொள்ளலாம், ஏறு என்று நவமணிக்குக் கை காட்டினார். அவள் பின்னால் ஏறினாள். காளியம்மாவும் ஒரு காலைத் தூக்கி வைத்தாள். போலீஸ்காரன் இடமில்லை என்று தள்ளிவிட்டான்.

"இடம் இல்லாட்டி நாங்க நடந்து வர்றோம்" என்றாள் காளியம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு.

ஜீப் நகர்ந்தது. நவமணிக்குப் பிள்ளைகளின் வாராத தலைகள்தான் கண்ணுக்குள் நின்றன. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்துவிட்டாள். செம்மண் புழுதிக்குள் காளியம்மாவும், தலைத்துணியைப் பிடித்துக்கொண்டு ஹலீமாவும் வேகவேகமாக நடந்து வந்தார்கள். கொட்டகை வாசலில் முதலாளி மட்டும் நின்றார்.

சாலை வளைவில் ஒரு ரப்பர்பால் லோரி குறுக்கே நின்று மறித்தது. டிரைவர் ஹாரனை அடித்தான். அந்த நேரத்தில் பக்கத்துக் கொப்பறைக் கொட்டகையில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாசலுக்கு வந்து எட்டிப்பார்த்தார்கள். காளியம்மா நடந்துகொண்டே அவர்களிடம் ஏதோ சொன்னாள். இரண்டு பேர் அரிவாளை உள்ளே வைத்துவிட்டுச் சாலையில் இறங்கினார்கள். அவர்களுக்கும் பின்னால், சொங்கோக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மைக் கறை படிந்த சட்டையோடு ஒரு ஆள் ஓடி வந்தார். நவமணி கண்ணை இடுக்கிப் பார்த்தாள். கிஃபாயத்துல்லா.

இன்ஸ்பெக்டரும் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். முகத்தைச் சுளித்துத் திரும்பினார். "இவங்கல்லாம் எதுக்கு வர்றாங்க?"

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கடைத்தெரு மலாய்தான். அதில் தேடி எடுத்துச் சொன்னாள்.

"சாட்சி சொல்ல வர்றாங்க, துவான். அவங்க வர்ற வரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன்."