யோனாவின் எழுத்து

1989இல் பர்மாவில், மாணவர் கிளர்ச்சிக்குப் பின், பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்தன. தாவரவியல் இரண்டாம் ஆண்டோடு படிப்பு நின்றுபோய் வீட்டிலிருந்த புஷ்பாவை, யாங்கோனில் அவர்கள் பங்கின் சாமியார் ஃபாதர் இன்னாசி கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார்.

கோயில் அலமாரியில் ஒரு பழைய லத்தீன் வேதப் புத்தகம் இருந்தது. எழுநூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் ஆட்டுத்தோலில் கையால் எழுதியது. எப்போதோ ஓர் இத்தாலியச் சாமியார் பெட்டியோடு கொண்டுவந்து விட்டுப்போயிருந்தார். அதில் ஒவ்வோர் ஆகமத்தின், அதாவது வேதத்தின் ஒவ்வொரு பகுதியின், முதல் எழுத்தும் ஒரு படம்.

“செடியெல்லாம் அச்சு அசலா வரையுற பொண்ணு நீ. இந்த எழுத்துகளை அப்படியே வரைஞ்சு கொடு. கரையான் தின்னுட்டா நகலாவது மிஞ்சும்” என்றார்.

தினமும் மத்தியானம், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சவரிமுத்து அலமாரியைத் திறந்து, புத்தகத்தைத் துணியில் ஏந்திவந்து அவள் முன் வைப்பார். மாலையில் அவரே எடுத்துப் பூட்டுவார். கோயில் வளாகத்திலேயே ஓர் அறையில் அவர் குடும்பம் இருந்தது.

நான்கு மாதம் வரைந்தபின், மீன் விழுங்கிக் கக்கிய தீர்க்கதரிசி யோனாவின் ஆகமம் வந்தது. அதன் முதல் எழுத்து E. இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். நடுக்கோடே மீன். அதன் வாயிலிருந்து வழுக்கைத் தலையோடு, கைகூப்பியபடி யோனா வெளியே வந்துகொண்டிருந்தான். பின்னால் கருநீலம், அதன்மேல் முடியிழை போல வெள்ளைக் கோடுகள். எழுத்தின் வாலிலிருந்து ஒரு கொடி ஓரமாக இறங்கி, எந்தச் செடியிலும் இல்லாத இலைகளை விரித்து, பொன் பொட்டுகளில் முடிந்தது. ஏழு தடவை வரைந்தாள். கொடி வந்தது, அந்த முகம் வரவில்லை. பயந்து முடித்து அப்போதுதான் மூச்சுவிட்ட முகம் அது.

அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. வேறு காரணம் எதுவும் இல்லை. தண்டை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக வைத்திருந்த பிளேடால் எழுத்தைச் சுற்றி வெட்டி, குறிப்பேட்டுக்குள் வைத்துக்கொண்டாள். மழை பெய்துகொண்டிருந்தது. சவரிமுத்து வழக்கம்போல வந்து புத்தகத்தை மூடி எடுத்துப்போனார்.

மூன்று வாரம் கழித்து ஃபாதர் இன்னாசி ஓட்டையைக் கண்டுபிடித்தார். “நீ வரைஞ்சப்போ அது இருந்துச்சாம்மா?” என்று கேட்டார்.

“நான் போகும்போது இருந்துச்சு சாமி.”

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. சாவி சவரிமுத்துவிடம்தான் இருந்தது. அவருக்கு வேலையும் போயிற்று, அறையும் போயிற்று. குடும்பத்தோடு ஆற்றைக் கடந்து டாலாவுக்குப் போய், சைக்கா என்கிற மூன்றுசக்கர சைக்கிள் வண்டி மிதிக்கிறார் என்று கேள்விப்பட்டாள். புஷ்பா பிறகு படித்து முடித்தாள், தேவராஜைக் கட்டிக்கொண்டாள், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். தேவராஜிடமும் சொல்லவில்லை. அந்த எழுத்தை அவள் ஒருமுறைகூட ஆசையாக எடுத்துப் பார்த்ததில்லை.

2008 மே மாதப் புயல் கோயில் கூரையைப் பிய்த்தெறிந்தது. அலமாரி சாய்ந்து இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. தோல் ஊறி ஒட்டிப் புத்தகம் ஒரே கட்டியாகிவிட்டது. அவள் வரைந்த நகல்களும் கூழாகிவிட்டன. புதிதாக வந்திருந்த இளம் சாமியார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது புஷ்பா அந்த எழுத்தைக் கொண்டுபோய் அவர் முன் வைத்தாள்.

“இதை எப்படிக் காப்பாத்துனீங்க?”

“காப்பாத்தல சாமி. திருடினேன்.”

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, “மொத்தப் புத்தகத்துல இது ஒண்ணுதான் மிச்சம். ஆண்டவர் உங்க கை வழியா காப்பாத்தியிருக்கலாம்” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் படகேறி டாலாவுக்குப் போனாள். சவரிமுத்து, எழுபது வயதில், தகரத்தைக் கூரைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார். நேரே சொல்லிவிட்டாள்: “அண்ணே, அந்த எழுத்தை நான்தான் வெட்டி எடுத்தேன்.”

அவர் கீழே இறங்கினார்.

“அப்போ ரபேல் எடுக்கலையா?”

ரபேல் அவருடைய மகன். அப்போது பதினேழு வயது.

“நான் எடுக்கல. சாவி கிடக்குற இடம் அவனுக்குத்தான் தெரியும். வேற யாரை நினைப்பேன்? உன்னை நினைக்கவே தோணலயே. விறகுக் கட்டையால அடிச்சேன். சிலுவையத் தொட்டுச் சத்தியம் பண்ணான். பொய்ச்சத்தியமாடான்னு இன்னும் அடிச்சேன்.” அவர் குரல் உயரவேயில்லை. “அன்னிக்குப் போனவன் மலேசியாவுல இருக்கான். அவங்கம்மா செத்ததுக்கும் வரல.”

புஷ்பா அழுதாள்.

“அழுது என்ன செய்யப் போற? அவனுக்கு எழுது. பர்மா பாஷையிலயே எழுது. அவனுக்குத் தமிழ் படிக்க வராது.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஓரிடத்தில் நிறுத்தினார். “‘தெரியாமல் செய்துவிட்டேன்’னா எழுதியிருக்க? அதை எடு.”

அந்த வரியை அடித்துவிட்டாள்.

தேவராஜிடம் அன்றே சொன்னாள். ஒரு வாரம் அவர் அவளோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோர் முன்னும் நின்று, சவரிமுத்து திருடவில்லை, தான்தான் என்றாள். அந்த மாதம் பாதிப் பிள்ளைகள் டியூஷனுக்கு வருவது நின்றது. எழுத்தை மறைமாவட்டத் தலைவரான மேற்றிராணியாரின் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆனால் 2010 ஜனவரியில் ரபேல் வந்தான். தகப்பனைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்குக் கூட்டிவந்தபோது வாசலில் புஷ்பா நின்றிருந்தாள்.

“நீங்கதானா?” என்றான்.

“ஆமா.”

அவன் தலையசைத்துவிட்டு, அப்பாவின் செருப்பைக் குனிந்து கழற்றினான். அவன் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. அது அந்த அடியாலா, மலேசியாவில் செய்த வேலையாலா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.