நீலம் போட்ட வேட்டி

1

இந்தக் கதை என் ஸ்டுடியோவின் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறது. பெயர் பூமிநாதன், கமுதிப் பக்கம் மிளகாய் போடுகிறவர். என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று உள்ளே வந்தவன், டீக்கடைக்குப் போன் போட்டுவிட்டு, வீணாய்ப்போன ஒரு பிரிண்டின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்லப் பயமாக இருந்தால் கதை எழுதுவது என் வழக்கம்.

முதல் வரிக்குச் சில முயற்சிகள்:

[சாயல்குடியில் அன்று வெயில்] வேண்டாம். இங்கே என்றைக்கு வெயில் இல்லை?

[கேமரா பொய் சொல்லாது.] இது என் கடைப் பலகையில் இருக்கும் வாசகம். அதை நம்பித்தான் பூமிநாதன் வந்திருக்கிறார். அடித்துவிட்டேன்.

[தவசிக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை.] சரியான முதல் வரி இதுதான். ஆனால் இதை எழுதினால் அடுத்த வரியில் என் பெயர் வந்துவிடும்.

2

இருபது வருஷம் பிலிம் கேமராவில் பிழைத்தேன். பிலிம் எல்லார் முகத்திலும் கொஞ்சம் சிவப்பு ஏற்றும்.* 2006 தையில் அதைக் கொடுத்துவிட்டு டிஜிட்டலுக்கு மாறினேன். புதுக் கேமராவில் நிழலில் எடுத்தால், கல்யாண வீட்டார் மொத்தமும் பாம்பு கடித்தவர்கள் போல நீலம் பாய்ந்து வந்தார்கள். விற்றவரிடம் போனில் கேட்டேன். படத்தைக் கணினியில் திறந்து, வெள்ளையாக இருக்க வேண்டிய ஓரிடத்தில் சுட்டியை வைத்து அழுத்தச் சொன்னார். அந்த இடத்தை வெள்ளையாக்கி, மற்ற நிறங்களையும் அதே அளவுக்கு அது திருத்திவிடுமாம்.

வெள்ளைக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்? வேட்டியில் அழுத்தினேன்.

* இந்தக் குறையைப் பற்றி ஒருவரும் புகார் சொன்னதில்லை. சிவப்பாகக் காட்டும் பொய்யை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

3

தவசி வாலிநோக்கம் உப்பளத்தில் மேஸ்திரி. வயது முப்பத்திரண்டு. (கதைக்கு இவன் தோதுப்படவில்லை, கோபமே வராது. கோபக்காரனாக மாற்றி எழுதிப் பார்த்தேன். அப்படி மாற்றினால் முதல் அடி எனக்குத்தான் விழும் என்று தெரிந்ததும் பழையபடி விட்டுவிட்டேன்.) பூமிநாதனின் மகள் ராமலெட்சுமியை மாரியூர்க் கோயிலில் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் என்று நின்றான். அவளுக்கும் சம்மதம். சொந்தபந்தத்துக்குக் காட்ட ஒரு போட்டோ மட்டும் கேட்டார்கள்.

எடுத்தேன், வேட்டியில் அழுத்தினேன், கொடுத்தேன். என் பழைய திரையில் முகம் தங்கமாக, மங்களகரமாகத்தான் இருந்தது. நாலு நாளில் கமுதியிலிருந்து பதில் வந்தது: மாப்பிள்ளைக்குக் காமாலை கண்டிருக்கிறது, முதலில் வைத்தியம் பாருங்கள். பூமிநாதனின் அண்ணன் காமாலையில் செத்தவர்.

தவசியின் அம்மா உலகம்மாள் கீழாநெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் கலந்து ஒரு மண்டலம் கொடுத்தாள். கூடவே உப்பில்லாப் பத்தியம். உப்பளத்து மேஸ்திரி நாற்பத்தெட்டு நாள் உப்பில்லாமல் சாப்பிட்டான். ரத்தம் சோதித்த டாக்டர் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். கையில் போட்டோ இருக்கும்போது டாக்டரை யார் நம்புகிறார்கள்?

மண்டலம் முடிந்து, பாதியாக இளைத்து, இரண்டாவது போட்டோவுக்கு வந்தான். மகன் இந்தத் தடவையாவது பளிச்சென்று தெரியட்டும் என்று உலகம்மாள் வேட்டிக்கு இரண்டு பங்கு சொட்டு நீலம் போட்டிருந்தாள். நான் மறுபடியும் வேட்டியில் அழுத்தினேன். முன்னதைவிட மஞ்சள். உலகம்மாள் பத்தியத்தை நீட்டிவிட்டாள்.

[இங்கேயே எனக்குப் புரிந்திருந்தால்] முடிக்க முடியவில்லை. எனக்குப் புரியவில்லை.

4

போன வாரம் உப்பளத்துக்கு விளம்பரப் படம் எடுக்கப் போய், உப்புக் குவியல் ஓரமாகத் தவசியையும் நிறுத்தினேன். கடைக்கு வந்து திறந்தபோது, படம் முழுக்க உப்பாக இருந்ததால் உப்பிலேயே அழுத்தினேன். தவசியின் முகம் அவன் முகமாகவே வந்தது. வெயிலில் காய்ந்த நல்ல கறுப்பு. இடுப்பில் வேட்டி மட்டும் நீலமாக நின்றது.

நீலம் போட்டு வெளுத்த வேட்டியைத்தான் இத்தனை நாள் வெள்ளை என்று காட்டியிருக்கிறேன். வேட்டியிலிருந்த நீலத்தை எடுக்கும்போது கணினி முகத்திலிருந்தும் எடுத்திருக்கிறது. நீலத்தை எடுத்தால் மிஞ்சுவது மஞ்சள்.

படம் பார்க்கத் தவசியும் வந்திருந்தான். "மஞ்ச போயிருச்சே அண்ணே" என்றான்.

அப்போது சொல்லியிருக்கலாம். இருபது வருஷக் கடை, புதுக் கேமரா, வாசலில் அந்தப் பலகை எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. "மருந்து வேல செஞ்சிருச்சுப்பா" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் போட்டோவை அன்றைக்கே கமுதிக்கு அனுப்பினான். அன்று மத்தியானம்தான் உப்புப் போட்டுச் சாப்பிட்டானாம்.

5

மூன்று போட்டோவும் இப்போது பூமிநாதன் மடியில் இருக்கின்றன. அவர் கேட்டது இது:

"எங்கண்ணனுக்கும் ஒருக்கா இப்பிடித்தான் தம்பி தெளிஞ்சுச்சு. நம்பிட்டோம். மறுக்கா வந்து ஆளைக் கொண்டு போயிருச்சு. மகளைக் குடுக்கப் போறேன். மூணு தடவ அவனை உத்துப் பாத்தவுக நீங்கதான். இது திரும்ப வருமா?"

முடிவு அ: திரும்ப வராது என்கிறேன். போட்டோகிராபர் பேச்சை நம்பி யாரும் பெண் கொடுப்பதில்லை.

முடிவு ஆ: தெரியாது என்கிறேன். எழுந்து போய்விடுவார். தவசி நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருப்பான், தனியாக.

முடிவு இ: வரவே இல்லை என்று

இதை நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் தப்பு வேறு யார் மேலாவது போய் ஒட்டிக்கொள்கிறது. ஒரு தடவை கேமரா, ஒரு தடவை விற்றவர், கடைசியில் பாவம், உலகம்மாளின் சொட்டு நீலம். கதையிலும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன். என்னை வெள்ளை என்று வைத்து அழுத்தினேன், மற்ற எல்லாருக்கும் காமாலை வந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டீ வந்துவிட்டது, இரண்டு கிளாஸ். முன்னறையில் நாற்காலி நகர்கிற சத்தம்.

"குருநாதன் தம்பி, உள்ளதான் இருக்கீகளா?"

வாசகரே, இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்த உங்களுக்கும் விஷயம் தெரியும். டீ ஆறுவதற்குள் நான் எழுந்து போகவில்லை என்றால், நீங்கள் போய் அவரிடம் சொல்லிவிடுங்கள். ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கிட்டப் போய்ப் பார்த்தால் லேசாக நீலம் அடிக்கும்.